தவசிலிங்கம் தினமும் வீட்டுக்கு வருகிறார்

கொலை எழுதிப் பிழைக்கிறவள் நான். இதுவரை எத்தனை பேரைக் கொன்றிருப்பாய் என்று அம்மா ஒருமுறை கேட்டாள். ஆண்களா பெண்களா என்று திருப்பிக் கேட்டேன். எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் தொழிலைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது.

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பார்த்தது ‘வாய்க்கால் பகை’. கதை ஒன்றும் பெரிதில்லை. அரசங்குளம் என்ற பேரூரில் தவசிலிங்கம், பூமிநாதன் என்று இரண்டு பங்காளிகள். அவர்களுடைய தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள், குலதெய்வம் ஒன்று. பேரூராட்சித் தலைவர் பதவிக்கு இருவரும் எதிரெதிர்க் கட்சியில் நின்றார்கள். வாக்கு எண்ணுவதற்கு முதல் நாள் சாயங்காலம் வாய்க்கால் கரையில் வைத்துப் பூமிநாதன் தவசிலிங்கத்தை வெட்டிக் கொன்றார். அன்றைக்கே பிடிபட்டு, பிறகு ஆயுள் தண்டனையும் பெற்றார். இது உண்மையில் நடந்தது. நடந்து பதினோரு வருடம் ஆகிறது.

இந்தக் கதையில் நடிகர்கள் இல்லை. தவசிலிங்கமாகத் தவசிலிங்கமே வருவார். கல்யாண வீடியோ, மேடைப் பேச்சு, கைபேசியில் அனுப்பிய குரல்பதிவு எல்லாவற்றையும் சேர்த்து அவருடைய உருவை எங்கள் கம்பெனி செய்து வைத்திருந்தது. பூமிநாதனும் அப்படித்தான். இரண்டு வீட்டுப் பெண்களும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருத்திக்குப் புருஷனைத் திரும்பப் பார்க்க ஆசை. இன்னொருத்திக்குத் தன் புருஷன் ராட்சசன் இல்லை என்று ஊர் பார்க்கட்டும் என்ற ஆசை.

இதில் புதுசு என்னவென்றால், தொடர் வீட்டுக்கு வீடு வேறாக ஓடும். டிவிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி வைப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை எனக்குப் புரிய வைத்தவன் ஜோயல். கம்பெனியில் அந்தப் பெட்டிகளைக் கவனித்துக்கொள்கிறவன்.

“நீங்க எலும்பு குடுங்க மேடம், சதையைப் பெட்டி வச்சுக்கும். வீட்டுல யார் பெருமூச்சு விடுறாங்க, எந்த இடத்துல எழுந்து பாத்ரூம் போறாங்க, எங்க நகராம உட்கார்றாங்கன்னு அது கேட்டுக்கிட்டே இருக்கும். அவங்களுக்கு எது வேணுமோ அந்தப் பக்கம் கதையைத் திருப்பும்.”

“அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியலன்னா?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் மேடம் பெட்டி,” என்றான்.

விளைவு என்ன என்கிறீர்களா? அரசங்குளம் டீக்கடையில் வடக்குத் தெருக்காரர் சொல்வார், தவசிலிங்கம்தான் முதலில் கை ஓங்கினார் என்று. தெற்குத் தெருக்காரர், அவர் கையெடுத்துக் கும்பிட்டார் என்பார். இரண்டு பேரும் கண்ணால் பார்த்தவர்கள். டிவியில்தான், ஆனால் பார்த்தது பார்த்ததுதானே. சம்பவம் நடந்தபோது உண்மையிலேயே அந்தப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தொடர் வந்த பிறகு தன் சாட்சியை நாலு விதமாகச் சொல்ல ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த தேர்தல் நெருங்கியபோது ஒரு கட்சியின் நகரச் செயலாளர் எனக்கே போன் செய்து, தன் வார்டு வீடுகளில் மட்டும் அரிவாளை இன்னும் கொஞ்சம் பெரிதாகக் காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். அரிவாள் என் கையில் இல்லை ஐயா, பெட்டியின் கையில் இருக்கிறது என்றேன். அப்படியானால் பெட்டியிடம் பேசுங்கள் என்றார்.

ஒரு நாள் ஜோயல் என் மேஜைக்கு வந்து, நம் தொடரில் கொலையே நடக்காத வீடு இரண்டு இருக்கிறது என்று சொன்னான். கோளாறாக இருக்கும் என்றேன். போட்டுக் காட்டினான்.

முதல் வீட்டில் தவசிலிங்கம் வீட்டுக்கு வருகிறார். செருப்பைக் கழற்றி விடுகிறார், கால் கழுவுகிறார், உட்கார்ந்து என்ன குழம்பு என்று கேட்கிறார். சாப்பிடுகிறார். அவ்வளவுதான் அத்தியாயம். மறுநாளும் வருகிறார், அதற்கு மறுநாளும் வருகிறார். மாதக்கணக்கில் இதேதான். கட்சி இல்லை, தேர்தல் இல்லை, பகை இல்லை. இரண்டாவது வீட்டில் பூமிநாதன் துண்டில் அரிவாளைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போகிறார். எதிரே தவசிலிங்கம் வருகிறார். இருவரும் ஏதோ பேசுகிறார்கள். பூமிநாதன் திரும்பி வீட்டுக்கு வந்து, அரிவாளைப் பரணில் போட்டுவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அங்கேயும் தினமும் இதே கதை.

முதல் வீடு தவசிலிங்கத்தின் மனைவி பாண்டீஸ்வரியுடையது. இரண்டாவது பூமிநாதனின் மனைவி நாகஜோதியுடையது. பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்கும் வேண்டியிருந்தது ஒரே கதைதான். பக்கத்துப் பக்கத்துத் தெருவில், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை போடு என்று ஜோயலிடம் சொன்னேன்.

பாண்டீஸ்வரி போட்டுக் கொடுத்த சம்மதம் அந்த மாதத்தோடு முடிகிறது. அவள் புதுப்பித்தால்தான் தவசிலிங்கத்தின் உரு மேற்கொண்டு ஓடும். கையெழுத்து வாங்கி வா என்று கம்பெனியில் என்னை அனுப்பினார்கள்.

பாண்டீஸ்வரி அரசங்குளத்தில் மாவு மில் வைத்திருக்கிறாள். நான் போனபோது தலை, புருவமெல்லாம் மாவாக நின்றாள். கதைக்காரம்மா வந்துவிட்டாள் என்று சிரித்தாள். கடைசி வரைக்கும் என் பெயரைக் கேட்கவே இல்லை. மத்தியானம் மில்லை அடைத்துவிட்டு என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். குளித்து, புடவை மாற்றி, பொட்டில்லாத நெற்றியைக் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு வந்து டிவியைப் போட்டாள். மகன் சரண் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறான், சாயங்காலம்தான் வருவான், அதனால் இந்த நேரம் தன்னுடையது என்று சொன்னாள்.

தவசிலிங்கம் வந்தார். வாசலைத் தாண்டி நேராக எங்களைப் பார்த்து, “சோறு ஆயிருச்சா?” என்றார். “ஆயிருச்சுங்க,” என்றாள் இவள், திரையைப் பார்த்து. அவர் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தனக்கும் எனக்கும் தட்டு வைத்தாள். ரசம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதும் இவள் முகம் மலர்ந்த அழகை நான் எந்தக் கதையிலும் எழுதியதில்லை. இத்தனைக்கும் அன்றைக்கு அந்த வீட்டில் ரசமே வைக்கவில்லை. புளிக்குழம்புதான்.

“பைத்தியம்னு நினைக்காதீக,” என்றாள் அவர் போன பிறகு. “பொம்மைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? இந்த நேரமாச்சுன்னா காது வாசப்பக்கம் போயிருது.”

கையெழுத்தை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம், இன்றைக்கு இங்கேயே தங்குங்கள் என்று சொல்லிவிட்டாள். தங்கினேன்.

சாயங்காலம் சரண் வந்தான். இருபத்து நாலு வயது. தவசிலிங்கத்தின் அதே நெற்றி, அதே புருவம். கொலை நடந்ததும் இவனை மதுரையில் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டார்கள். படிப்பு முடிந்துதான் ஊருக்குத் திரும்பினான். என்னிடம் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தான். அதே டிவி, அதே பெட்டி, ஆனால் ஓடியது வேறு தொடர்; ஜோயல் எனக்குக் காட்டியது மத்தியானத்தில் ஓடியதை மட்டும்தான் போலிருக்கிறது.

அதில் தவசிலிங்கம் தினமும் வெட்டுப்பட்டார். அதைவிட மோசம் அதற்கு அடுத்து வந்தது. பூமிநாதன் வீட்டு முற்றத்தில் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள். சீயக்காய்த் தூள், வெந்நீர் அண்டா, ஈரத் தலையோடு ஓடும் பிள்ளைகள், புதுத் துணி. பின்கட்டில் ஆட்டுக்கறி கொதிக்கிறது. பூமிநாதன் மீசையைத் தடவிக்கொண்டு இலை முன்னால் உட்காருகிறார். தீபாவளி தோற்றுப்போகும். சரண் கண் கொட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையாவது தடவை என்று அவனுக்கே தெரியாது என நினைக்கிறேன்.

நான் அப்படி ஒரு காட்சி எழுதவில்லை. ‘சேதி எதிரி வீட்டுக்கு வருகிறது’ என்று ஒரு வரி கொடுத்ததோடு சரி. வெளியே வந்து ஜோயலுக்குப் போன் செய்தேன். தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: தொடர் தொடங்குவதற்கு முன்னால் நாகஜோதி அம்மா கொடுத்த பேட்டியிலிருந்துதான் பெட்டி அதை எடுத்திருக்கிறது. அந்த இடத்தை எனக்குப் போட்டுக் காட்டினான். நாகஜோதியின் குரல், மெதுவாக:

“அவுக செத்துட்டாகன்னு சேதி வந்துச்சு. உடனே நாங்க எல்லாரும் தலை முழுகினோம்.”

பெட்டிக்குத் தெரிந்த தலைமுழுக்கு தீபாவளித் தலைமுழுக்குதான். எண்ணெய் என்றால் புதுத் துணி, புதுத் துணி என்றால் கறி. பார்க்கிற பையனுக்கும் வெறுக்க ஒன்று வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு விருந்தே வைத்துவிட்டன. உள்ளே போய் அம்மாவிடமும் மகனிடமும் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் வேறு சேதி முந்திக்கொண்டது. பூமிநாதனின் தாயார் இறந்துவிட்டார். மகன் கொள்ளி வைக்க வேண்டும் என்பதால் பூமிநாதனைப் போலீஸ் காவலோடு பரோலில் கூட்டிவருகிறார்கள், உச்சிப்பொழுதுக்குள் வந்துவிடுவார் என்று தெருவே பேசியது.

சரண் வேலைக்குப் போகவில்லை. குளித்தான். வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டான். துண்டில் சுற்றிய ஒன்றை ஸ்கூட்டர் இருக்கைக்குக் கீழே வைத்து மூடியதை அடுக்களை ஜன்னலிலிருந்து நானும் பாண்டீஸ்வரியும் பார்த்தோம். அவள் அடுப்பை அணைத்தாள். புருஷனைப் பறிகொடுத்தாயிற்று, இவனும் ஜெயிலுக்குப் போனால் நான் யாருக்குச் சோறு ஆக்குவேன் என்றாள். பிறகு, என்ன தோன்றியதோ, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் சொன்னாக் கேக்கமாட்டான். அவுக சொன்னாக் கேப்பான். ஒரு தடவை அவுகள அவன்கிட்டப் பேசச் சொல்லுங்க கதைக்காரம்மா.”

அது நாம் சொன்னபடி பேசாது, எதிரே இருக்கிறவர் மனதில் இருப்பதைத்தான் பேசும் என்று எவ்வளவோ சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. நீங்கள் பேசாவிட்டால் போங்கள், எனக்கு அவுகளோடு பேசத் தெரியும் என்று மகனை உள்ளே கூப்பிட்டு டிவி முன்னால் உட்கார வைத்தாள்.

தவசிலிங்கம் வந்தார். “ஏங்க, பிள்ளைக்குப் புத்தி சொல்லுங்க,” என்றாள் பாண்டீஸ்வரி. அவர் இவள் பக்கம் திரும்பவே இல்லை. மகனையே பார்த்தார். முந்தின நாள் ரசத்தைப் புகழ்ந்த அதே கனிந்த குரலில் சொன்னார்:

“எனக்காக இத்தனை வருஷம் காத்திருந்தது நீ ஒருத்தன்தான்யா. போ. முடிச்சிட்டு வா.”

சரண் அழுதான். கோபத்தில் இல்லை, சந்தோஷத்தில். அப்பாவுக்குத் தான் தேவைப்படுகிறோம் என்ற சந்தோஷம் அது. பதிமூன்று வயதில் விடுதிக்கு அனுப்பப்பட்ட பையன் வேறு எதற்கு ஏங்கியிருப்பான்? அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பயம்தான் வந்தது.

பாண்டீஸ்வரி டிவியை அணைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, அவன் கேட்டதை அவனுக்குச் சொல்லுது, என்றாள். அப்படியானால் எனக்கு, என்றாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். முடியவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் என்றேன்.

பிறகு பேசியது என்னிடமா, சுவரிடமா தெரியாது.

“அவுக ஒரு நாளும் நேரத்துக்குச் சாப்பிட வந்ததில்ல. கட்சி ஆபீசு, பஞ்சாயத்து, எவன் வீட்டு இழவு, எவன் வீட்டுக் கல்யாணம்னு சுத்திட்டுச் சோறு ஆறி அவலாப் போன பெறகுதான் வருவாக. வந்ததும் ஒரு சண்டை. பதமா ஒரு வார்த்தை வாயில வராது. நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? இந்த மனுசன் தெனமும் வாராரு, ரசத்தைப் புகழுறாரு. நானும் அதையே பாத்துப் பாத்து, அவுகள மறந்தே போனேன்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “அழிச்சிருங்க.”

இங்கே மட்டுமா என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் என்றாள். உருவுக்குச் சம்மதம் கொடுத்தவர் வேண்டாம் என்று சொன்னால் அந்த நிமிடமே எடுத்துவிட வேண்டும், அது விதி. ஜோயலுக்குப் போன் போட்டு அவளையே பேச வைத்தேன். பேர், உறவு, சம்மதம் என்று அவன் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் அவள் குரல் உடையாமல் பதில் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்று நான் வீரமாக நின்றதாக எழுத ஆசைதான். உண்மையில் அடுத்த மாதச் சம்பளத்தைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒருதரம் பார்த்துக்கொள்கிறீர்களா என்று ஜோயல் கேட்டான். அவள் வாசலைப் பார்த்தாள், வேண்டாம் என்றாள்.

அதற்குள் சரண் வண்டியை எடுத்துவிட்டான். அவனைத் தெருவில் மறித்து அவள் விஷயத்தைச் சொன்னாள். அப்பாவை இரண்டாம் தடவை கொன்றுவிட்டாயே என்று அவன் கத்தினான். இப்போதுதான் உன் அப்பா செத்திருக்கிறார், இறங்கு என்றாள். அவன் இறங்கவில்லை. பூமிநாதன் வீட்டார் எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கறி தின்றார்கள், அதையும் மறந்துவிட்டாயா என்று கேட்டான். நான் குறுக்கே புகுந்து, அது பெட்டி செய்த தப்பு, நாகஜோதி சொன்னது வெறும் தலை முழுகினோம் என்பதுதான் என்றேன். பாண்டீஸ்வரி என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

“பங்காளிடா அவுக. நம்ம வீட்டுத் தீட்டு அவுகளுக்கும் உண்டு. வெட்டுனவன் வீடா இருந்தாலும் சேதி வந்தா பச்சத் தண்ணியில தலை முழுகித்தான் ஆகணும். கருமாதி வரைக்கும் கவுச்சி தொடக் கூடாது. அன்னைக்கு அந்த வீட்டுல அடுப்பே எரிஞ்சிருக்காது. எனக்குத் தெரியும்டா இது. எனக்கே தெரியும். சாயங்காலம் நீ பாக்குறத அடுக்களையிலேருந்து நானும் பாத்துப் பாத்து, அன்னைக்கு ராத்திரி கறி வாசம் அடிச்ச மாதிரி எனக்கே நெனப்பு வந்துருச்சு.”

அவன் முகம் லேசாக அசைந்தது. ஆனால் வண்டியை அணைக்கவில்லை. வெட்டினது வெட்டினதுதானே அம்மா என்று மட்டும் கேட்டான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். பங்காளி வீட்டுச் சாவு, நானும் வர வேண்டும், ஓட்டு என்றாள். அவள் உட்கார்ந்திருந்தது அந்த அரிவாளின் மேலேதான். நான் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, ஆனால் நிற்க முடியவில்லை.

பூமிநாதன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பதினோரு வருடம் கழித்து அந்தத் தெருவில் பாண்டீஸ்வரி இறங்கியதைப் பார்த்ததும் கூட்டம் தானாக வழிவிட்டது. அவள் நேரே உள்ளே போனாள். வாசலில் யாரோ என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையில் ஒரு மாலையைக் கொடுத்தார்கள். நான் சரணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் இருக்கையைத் தூக்கித் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தான்.

அவன் கண்கள் தேடின. தூண் ஓரம் பார்த்தான், கட்சிக்காரர்கள் கூட்டத்தில் பார்த்தான், பாடை கட்டுகிறவர்களிடம் போய்ப் பார்த்துத் திரும்பினான். அகன்ற மார்பு, முறுக்கிய மீசை, கறுத்த தலைமயிர் உள்ள ஒருவரைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. தினமும் சாயங்காலம் அவன் பார்த்த ஆள் அவர்தான். அப்படி யாரும் அங்கே இல்லை. பந்தல் ஓரத்து பெஞ்சில் ஒரு கிழவர் மட்டும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஒட்ட வெட்டிய நரைத்த தலை, மீசை இல்லை, சட்டைக்குள் ஆளே இல்லாதது போல் ஒரு உடம்பு. சற்றுத் தள்ளி ஒரு போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சரண் அந்தக் கிழவரிடம் போனான்.

“பூமிநாதன் எங்க இருக்காரு?” என்று கேட்டான்.

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். துக்கம் கேட்க வந்த பையன் என்று நினைத்திருக்க வேண்டும். பெஞ்சில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.

“நான்தான்யா. உக்காரு. நீ யாரு மகன்?”

சரண் நின்றான். கிழவரின் கண்கள் அவன் முகத்தில் மெல்ல அலைந்து, நெற்றியில் வந்து நின்றன. அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எழுந்து ஓடவில்லை, போலீஸ்காரரைக் கூப்பிடவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டார், அவ்வளவுதான். வெட்டுவதானால் வெட்டிக்கொள் என்று சொல்வதைப் போலத்தான் எனக்குப் பட்டது.

எத்தனையோ சாயங்காலம் அவன் மனசுக்குள் வெட்டிக்கொண்டிருந்த ஆள் வேறு யாரோ. இந்த மனிதரை வெட்ட வேண்டுமானால், முதலில் இவர்தான் அவர் என்று அவன் தன்னை நம்ப வைக்க வேண்டும். அதற்குத் தேவையான நேரம் அவனிடம் இருந்தது, முயன்றும் பார்த்தான் என்று நினைக்கிறேன். பிறகு, அவர் விட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நான் போய்த் துண்டோடு அதை வாங்கிக்கொண்டேன். சுலபமாகக் கொடுத்துவிட்டான். சாவு வீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்தவள் கையில் ஒரு துணி மூட்டை இருந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்.

அந்த நேரம் பார்த்து, கதைக்காரம்மா வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, நாகஜோதி ஈரத் தலையோடு என்னைத் தேடி வந்தாள். அழுது வீங்கிய கண். மாமியாருக்காக என்று நினைத்து ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். வீட்டுப் பெட்டியில் ஓடுவதைக் காட்டும் கைபேசியை அவள் என் முன்னால் நீட்டினாள். திரையில் வாய்க்கால் கரை. மீசைக்காரப் பூமிநாதன் துண்டும் கையுமாகத் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

“காலையிலேருந்து இப்படியே நிக்கிறாருங்க,” என்றாள். “எதிர்த்தாப்புல யாருமே வரல. வீட்டுக்கும் திரும்ப மாட்டேங்கிறாரு.”

எதிரே வர வேண்டியவர் இனி வரமாட்டார் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? தவசிலிங்கம் செத்தவர் என்றாகிவிட்டால், இவள் புருஷனும் கொன்றவர் என்றுதான் ஆகிறது. அவளுக்கும் சேர்த்துத்தான் நாங்கள் அழித்திருந்தோம். அவர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாரே என்று பெஞ்சைக் காட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். புருஷன் வந்து இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், அவள் இதுவரை அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. இவரா, என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, புதிதாக வந்த ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாண்டீஸ்வரி மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். மகனையும் அவன் பக்கத்தில் இருந்தவரையும் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். பூமிநாதன் பதறி எழுந்தார். “மதினி,” என்றார். சாபம் விடப் போகிறாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும்தான்.

அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. கெஞ்சுகிற குரல்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவுகளக் கடைசியா உயிரோட பாத்தது நீதான். அவுக கடைசியா என்ன சொன்னாக?”

பூமிநாதன் சரணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வேண்டாம் மதினி, நல்ல வார்த்தை இல்லை என்றார்.

“எதுவா இருந்தாலும் சொல்லு. பொய் சொல்லாத. என்னைய சந்தோசப்படுத்தணும்னு எதையும் சொல்லாத.”

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“அரிவாளப் பாத்துட்டும் நின்னாக. ‘போடா மயிரே’ன்னாக. அவ்வளவுதான்.”

பாண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று ஒரு கணம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தோள் குலுங்கச் சிரித்தாள். “அவுகதான்,” என்றாள் என்னிடம். “அவுகளேதான்,” என்றாள் மகனிடம். சிரித்துக்கொண்டே அப்படியே பந்தல் மண்ணில் உட்கார்ந்தாள், அங்கிருந்து ஒரு அழுகை கிளம்பியது. பதினோரு வருடம் தள்ளிப்போட்ட அழுகை. செத்த கிழவிக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, அப்போதுதான் உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்த பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.